பல்லாவரம் சந்தையில் 200 ரூபாய்க்கு ஒரு நால்வர் கச்சேரி!

வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கினால், சந்தைக்கு வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. காலிப் பையோடு வேகமாக நடப்பவர்கள் பின்னால் போனால் போதும். எதிரே ரோஜாக் கன்றும் பழைய டேபிள் ஃபேனுமாக வருபவர்களைப் பார்த்தால், சரியான பாதையில்தான் போகிறீர்கள் என்று அர்த்தம்.

பழைய டிரங்க் ரோட்டில் வாரத்துக்கு ஒருநாள் கூடும் சந்தை இது. காய்கறி, கருவாடு, செடி, துணிமணி எல்லாம் உண்டு. ஆனால், கூட்டம் கூடுவது பழைய பொருள்களுக்காகத்தான். குவித்துப் போட்ட சார்ஜர்கள், கதவுக் கைப்பிடிகள், ஒரு கால் இல்லாத ஈஸிசேர், யாரோ ஒருவரின் கல்யாண போட்டோ ஃபிரேம். போட்டோவை எடுத்துவிட்டு ஃபிரேமை மட்டும் கேட்டாலும் தருவார்கள்.

'சந்தையில் விற்கும் பழைய பொருள்கள் பற்றி ஒரு ஸ்டோரி, போட்டோவோடு' என்றுதான் டெஸ்க்கில் அனுப்பினார்கள். நான் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை ஆபீஸில் சொல்லவில்லை.

குரோம்பேட்டை வீட்டைக் காலிசெய்து ஃபிளாட்டுக்கு மாறியபோது, தாத்தாவின் இசைத்தட்டுப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்தது நான்தான். அப்போது தாத்தா இறந்து நான்கு மாதம். பிளேயரே ஓடவில்லை, தட்டை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எடைக்குப் போட்டோம். ஒவ்வொரு உறையின் பின்பக்கமும் பச்சை மையில், வாங்கிய தேதியையும் பிடித்த பாட்டுக்கு நேராக ஒரு டிக்கையும் போட்டு வைப்பது தாத்தாவின் வழக்கம். அது நினைவுக்கு வந்தபோது பெட்டி போய் ஆறு மாதமாகியிருந்தது. அப்படிப்பட்ட பெட்டிகள் பல்லாவரம் சந்தைக்கும் வரும் என்று ஒருவர் சொல்ல, பச்சை மையைத் தேடிக் கிளம்பினேன்.

பழைய பொருளைத் தேடுவதற்குப் பல்லாவரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று இங்கேதான் சரளைக்கற்களுக்கு நடுவே ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முதல் சாட்சி அது. அதற்குப் பிறகும் ஊரில் எத்தனையோ பேர் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். கன்டோன்மென்ட் ஊர் என்பதால், 'வெட்டரன் லைன்ஸ்' என்ற பெயரில் இன்றும் ஒரு பகுதி இருக்கிறது. இங்கும் பரங்கிமலையிலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பல, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்துவிட்டன. கப்பலிலும் விமானத்திலும் எல்லாவற்றையும் ஏற்றிப் போக முடியுமா என்ன?

கறுப்பாக, வட்டமாக இருந்தால் போதும்!

இசைத்தட்டு விற்கும் அண்ணன் தார்ப்பாயில் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தார். ஒன்று, கனமான 78 சுழற்சித் தட்டுகள். இன்னொன்று, எல்.பி.

78 தட்டைக் கையில் எடுத்தால் பீங்கான் தட்டு மாதிரி இருக்கும். கீழே விழுந்தால் அதேபோல உடையும். காரணம், அதன் மூலப்பொருள் அரக்கு. பாரதத்தில் பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டிய மாளிகை அரக்கு மாளிகை இல்லையா, அந்த அரக்குதான். மரக்கிளையில் பூச்சிகள் விடும் பிசின். அதைச் சுத்தம்செய்து, கல் பொடியும் கரியும் சேர்த்து அழுத்தினால் இசைத்தட்டு. உலகத்துக்கே அரக்கு பெருமளவில் போனது இந்தியாவிலிருந்து. சோட்டா நாக்பூர் காடுகளில் சுரண்டி எடுத்த பிசின் கப்பலேறிப் போய், லண்டனில் யாரோ வாசித்த வயலினைச் சுமந்துகொண்டு திரும்பி வந்திருக்கும். 1908 முதல் கொல்கத்தாவிலேயே தட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

12 அங்குலத் தட்டாக இருந்தாலும் ஒரு பக்கம் நாலரை நிமிடம் ஓடினாலே அதிகம். நம் ஊர்க் கீர்த்தனையை அதற்குள் சுருக்கிப் பாடிவிட்டார்கள். மேற்கத்திய சங்கீதத்தில் அப்படிச் சுருக்க முடியாது. ஷூபர்ட் 1824-ல் எழுதிய 'மரணமும் கன்னியும்' நால்வர் இசை ஏறக்குறைய 40 நிமிடம். புஷ் குவார்ட்டெட் 1936-ல் பதிவுசெய்த அதைக் கேட்க வேண்டுமென்றால், எழுந்து எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். தட்டுகளைப் புத்தகம்போல அடுக்கிக் கொடுத்தார்கள். 'ஆல்பம்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். அடுக்கில் ஒரு தட்டு உடைந்தாலோ தொலைந்தாலோ பாட்டின் நடுவில் எட்டு ஒன்பது நிமிடம் காணாமல் போய்விடும். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் அப்படித் தனியாகிப் போனவைதான். 1948-ல் எல்.பி வந்த பிறகுதான் உட்கார்ந்து கேட்க முடிந்தது.

நான் குனிந்து உறைகளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒருவர் எல்.பி-க்களைக் கட்டுக்கட்டாக எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்ன பாட்டு என்று பார்க்கவே இல்லை.

"என்ன கலெக்‌ஷன் சார் இது?" என்றேன்.

"கஃபே ஓப்பன் பண்றோம்மா. சுவர் ஃபுல்லா ஒட்டப்போறோம். பாட்டு எதுவா இருந்தா என்ன, கறுப்பா வட்டமா இருந்தா போதும்."

கடை அண்ணன் சிரித்தார். "இவராச்சும் ஒட்டுறாரும்மா. சில பேர் சூடு பண்ணி வளைச்சு, நடுவுல மெஷினை வெச்சு சுவர்க் கடிகாரம் பண்ணிடுறாங்க. நான் என்ன பண்றது, கேக்க ஆள் இல்லையே."

கஃபேக்காரரின் அடுக்கில் மேலே இருந்த உறையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பின்பக்கம் பச்சை மை. மூன்றாவது வரிக்கு நேராக ஒரு டிக். கீழே 14.1.1978 என்று தேதி.

தாத்தாவின் கையெழுத்து இல்லை. தாத்தாவின் ஏழு இப்படி வளையாது. உறை முழுக்க ரஷ்ய எழுத்து. போன் கேமராவைக் காட்டினேன். மெலோடியா கம்பெனித் தட்டு. போரோடின், ஸ்ட்ரிங் குவார்ட்டெட் எண் 2. வாசிப்பது போரோடின் குவார்ட்டெட்.

மலிவு விலை சோவியத் புத்தகங்கள் நம் வீடுகளுக்கு வந்த காலத்தில், மெலோடியா தட்டுகளும் இந்தியாவுக்கு வந்தன. அப்படி வந்த ஒன்றை, ஒரு பொங்கல் நாளில் யாரோ வாங்கி, கேட்டு, மூன்றாவது பகுதிக்கு டிக் போட்டிருக்கிறார். யார், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. ஆனால், இதையும் கறுப்பு வட்டமாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

"சார், இது ஒண்ணு எனக்கு வேணும்."

"அந்தக் கவர் செம லுக்கா இருக்கேம்மா... ரஷ்யன் லெட்டர்ஸ் எல்லாம் போட்டு."

ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பிறகு பஞ்சாயத்து முடிந்தது. உறை அவருக்கு, தட்டு எனக்கு. 300 ரூபாய் சொன்ன அண்ணன் 200-க்கு இறங்கினார். டிக்கையும் தேதியையும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"ஓடுதான்னு பாத்துட்டுக் குடுக்குறேன்" என்று அண்ணன் பெட்டி வடிவ பிளேயர் ஒன்றைத் திறந்தார்.

வேதியியல் வாத்தியாரின் காதல் கடிதம்

குவார்ட்டெட் என்றால் நான்கு பேர். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா வயலினின் அக்கா மாதிரி. கொஞ்சம் பெரிய உடம்பு, கனத்த குரல். செல்லோ உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிப்பது. நடத்துநர் கிடையாது. முதலில் இது மேடைக்கான இசையே இல்லை. வீட்டுக்கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டது. ரொமான்டிக் காலம் என்று சொல்லும் 19-ம் நூற்றாண்டில், இசையமைப்பாளர்கள் தங்கள் சொந்தத் துக்கத்தையும் காதலையும் இந்த நான்கு வாத்தியங்களில் கொட்டினார்கள்.

தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரியில். அதே ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் மெண்டல்சன் தன் அக்கா ஃபேனியைப் பறிகொடுத்தார். அக்காவும் இசையமைப்பாளர். அந்த அடியில் அவர் எழுதியதுதான் எஃப் மைனர் குவார்ட்டெட். நவம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார். திருவையாறும் லெய்ப்சிக்கும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஆண்டில் இருண்டுபோயின.

போரோடின் கதை வேறு மாதிரி. அவர் வேதியியல் பேராசிரியர். பெண்களுக்கு மருத்துவப் படிப்பு வேண்டும் என்று பாடுபட்டவர். லேபுக்கும் வகுப்புக்கும் நடுவே நேரம் கிடைத்தபோது இசை எழுதினார். 1861-ல் ஹைடல்பெர்க்கில் எகடெரினா என்ற பியானோ கலைஞரைச் சந்தித்துக் காதலித்தார். 20 ஆண்டு கழித்து, 1881-ல், மனைவியாகிவிட்ட அவருக்கே இந்த இரண்டாவது குவார்ட்டெட்டைச் சமர்ப்பித்தார். போரோடினுக்கு செல்லோ வாசிக்கத் தெரியும். பச்சை டிக் விழுந்த மூன்றாவது பகுதியில் மெட்டை முதலில் எடுப்பது செல்லோதான். பிறகு வயலின் அதையே மேலே போய்ச் சொல்லும். கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஆரம்பித்து முடிப்பதற்குள் இன்னொருவர் அதே மெட்டைத் தொடர்ந்து வருவார். மனைவிக்கு இப்படி எழுதிக் கொடுக்கும் வாத்தியாரை எந்தக் காலேஜில் பார்த்திருக்கிறோம்!

முள் இறங்கியது. முதலில் நெருப்பில் சுள்ளி வெடிக்கிற மாதிரி சத்தம். பிறகு செல்லோ. அண்ணன் தலையை ஒருபக்கம் சாய்த்தார். கருவாட்டுக் கடைக்காரம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தராசைக் கவனித்தார். வயலின் மெட்டை வாங்கிக்கொண்ட சமயத்தில் தலைக்கு மேலே விமானம். மீனம்பாக்கம் பக்கத்தில்தானே. எல்லாம் முழுகிப்போய், விமானம் நகர்ந்ததும் இருவரும் அங்கேயே ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த செல்லோவை வாசித்தவர் வாலண்டின் பெர்லின்ஸ்கியாகத்தான் இருக்க வேண்டும். 1945 முதல் 2007 வரை, 60 ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குழுவில் செல்லோ அவர்தான். கூட வாசித்தவர்கள் மாறினார்கள், சோவியத் நாடே இல்லாமல்போனது, அவர் நாற்காலி மாறவில்லை.

"சினிமா மியூசிக் மாதிரி இருக்கு" என்றார் கஃபேக்காரர். உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் நின்றிருந்தார். அவர் சொன்னது தப்பில்லை. நம் சினிமா இசைக்குழுக்களில் இந்த இசையைக் கரைத்துக் குடித்தவர்கள் இருந்தார்கள். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன், 1993-ல் 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்' தொடங்கினார். அதே இரண்டு வயலின், வயோலா, செல்லோ. ஆனால், வாசிப்பது கர்நாடகக் கீர்த்தனைகள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி இதே சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அந்தக் கடனுக்கு வட்டி கட்டியதுபோல இருக்கும் இந்த நால்வர் வாசிப்பதைக் கேட்டால்.

நீங்களும் தட்டு வாங்கப் போனால் சில விஷயங்கள்: வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், வெயிலில் கிடந்த எல்.பி வளைந்துபோயிருக்கும். கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய கிராமஃபோனின் இரும்பு ஊசியை எல்.பி மேல் வைக்கவே வைக்காதீர்கள், கோட்டையே உழுதுவிடும். 78 தட்டுக்கு எல்.பி முள்ளும் ஆகாது. வரி அகலம் வேறு.

தட்டு முடிந்து முள் நடுவில் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைத் தூக்கிவிட்டு, தட்டை இரண்டு தாள் தினசரியில் சுற்றிக் கொடுத்தார்.

"அடுத்த வாரம் தாம்பரம் பக்கம் ஒரு வீட்லேருந்து ரெண்டு பெட்டி வருதும்மா. என்ன பாட்டுன்னு தெரியாது."

"பச்சை மையில எழுதினது இருந்தா போன் பண்ணுங்கண்ணா" என்று நம்பர் கொடுத்தேன்.

"பச்சைன்னா... கிளிப்பச்சையா, பாட்டில் பச்சையா?"

போனில் எடுத்த டிக்கைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சரி, இந்தப் பச்சை" என்று நம்பருக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்.