வாடிக்கையாளருக்கு ஷெல் தரலாமா?

ஹோஸ்டிங் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளருக்கு ஷெல் வசதி தர வேண்டுமா, வேண்டாமா? கணினிக்காரர்களின் வெட்டிச் சண்டை போலத் தோன்றும் இந்தக் கேள்வி, ஏர்வாடியில் ஒரு குடும்பத்துக்கு நிஜமான கவலையாகிவிட்டது.

அந்த வீட்டு மாமா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2003 வாக்கில் ஓர் இணையத்தளம் தொடங்கி, கடற்கரை ஊர்களைப் பற்றித் தமக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வைத்தார். கீழக்கரைச் சங்குக்குளி, வாலிநோக்கம் உப்பளம், தர்காவுக்கு வந்து போகிறவர்கள் சொன்ன கதைகள், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர்கள்... ஆயிரம் பக்கங்களுக்கு மேல் இருக்கும். எல்லாம் அந்தக் காலத்துத் திஸ்கி எழுத்துருவில். மாமா காலமான பிறகு, ஆண்டுக் கட்டணத்தை மருமகன் கட்டி வந்தார். அதற்கு மேல் அவர் அதைத் தொட்டதில்லை.

ஒரு நாள் மாமி கைபேசியை நீட்டினார். "தம்பி, மாமா எழுதுனத வாசிக்கலாம்னு தொறந்தா எல்லாம் பூச்சி பூச்சியாத் தெரியுதே!" தெரியத்தான் செய்யும். திஸ்கிக்கு உரிய எழுத்துரு எந்தக் கைபேசியிலும் இல்லை. யூனிகோடுக்கு மாற்றினால்தான் படிக்க முடியும். மாற்றிவிடலாம் என்று மருமகன் நினைத்துக்கொண்டிருந்தபோதே நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பழைய வழங்கியை 15 நாளில் நிறுத்தப் போகிறார்களாம். வேண்டியவர்கள் கோப்புகளை எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

எஃப்.டி.பி. வழியாக இறக்கிப் பார்த்தார். சின்னச் சின்னக் கோப்பாக ஆயிரக்கணக்கில் இருந்தால் எஃப்.டி.பி. திணறும். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஓர் இணைப்பைத் திறந்து மூட வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் எது வந்தது, எது வரவில்லை என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையில் 'பேக்கப்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் பாதியில் நின்றது. ஷெல் இருந்தால் ஒரே வரிக் கட்டளையில் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி எடுத்துவிடலாம். கேட்டார். "பாதுகாப்புக் காரணங்களால் தருவதில்லை" என்று பதில் வந்தது.

ஷெல் என்றால் என்ன? தூரத்தில் இருக்கும் வழங்கியின் முன்னால் உட்கார்ந்திருப்பது போல, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்குவதுதான். ஏர்வாடி விடுதி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பல அறைகள், எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மோட்டார். பகிர்வு ஹோஸ்டிங் என்பது இதுதான். ஒரே வழங்கியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். கட்டுப்பாட்டுப் பலகை, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரும் பையன் மாதிரி. ஷெல், மோட்டார் அறைக்குப் போகும் வழி. சந்தனக்கூடு நேரத்தில் விடுதி நிரம்பி வழியும்போது ஒருவர் குழாயைத் திறந்து விட்டுவிட்டால் மற்றவர்களுக்குத் தண்ணீர் இல்லை. அதனால் முதலாளி தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

வெறும் பயம் என்றும் சொல்லிவிட முடியாது. 2016-இல் 'டர்ட்டி கௌ' என்ற ஓட்டை லினக்ஸின் கருவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் அதை வைத்து வழங்கி முழுவதற்கும் எஜமானர் ஆகிவிட முடிந்தது. அந்த ஓட்டை 2007-இலிருந்தே அங்கே இருந்தது! 2021-இல் 'சூடோ' நிரலிலும் அப்படி ஒன்று வெளிப்பட்டது. அது ஏறத்தாழ 10 ஆண்டுப் பழசு. இவற்றுக்கெல்லாம் தேவை ஒன்றுதான்: உள்ளே ஒரு சின்னக் கணக்கு. அதை நூறு பேருக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று நிறுவனம் கேட்டால், தப்பில்லை.

ஆனால் இந்தியாவில் ஷெல்லின் கதை வேறு விதமாகத்தான் தொடங்கியது. 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, படங்களோடு பார்க்கும் கணக்கு சாமானியருக்கு எட்டாத விலையில் இருந்தது. மாணவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது ஷெல் கணக்குதான். வெறும் எழுத்துத் திரை. 'பைன்' நிரலில் அஞ்சல், 'லின்க்ஸ்' நிரலில் வலைப்பக்கம். அந்த வரட்டுத் திரைக்குள் புகுந்து யூனிக்ஸ் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். 'ஸ்லர்ப்' என்ற நிரலை ஓடவிட்டு, அந்த எழுத்துக் கணக்கையே படங்கள் காட்டும் இணைப்பாக மாற்றவும் வழி இருந்தது. அன்று ஷெல் என்பது ஏழை மாணவனின் இணையம். இன்று அதுவே தகுதி பார்த்துத் தரப்படும் சலுகை!

பாதுகாப்பு என்ற பேச்சும் அதே 1995-இல் புது உருவம் எடுத்தது. அதுவரை தூர வழங்கிக்குள் நுழையப் பயன்பட்ட டெல்நெட், கடவுச்சொல்லை அப்படியே பச்சையாக அனுப்பும். வழியில் ஒட்டுக் கேட்பவர் எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் அப்படித் திருட்டு நடந்தபிறகு, அங்கே இருந்த தாத்து இலோனென் எஸ்.எஸ்.எச். எழுதினார். எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டே போகும். எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருந்த எண்களுக்கு நடுவே அதற்கு 22 கிடைத்தது. ஷெல் ஆபத்து என்று மறுத்துவிட்டு, கடவுச்சொல்லைப் பச்சையாக அனுப்பும் பழைய எஃப்.டி.பி.யை மட்டும் கொடுப்பது என்ன கணக்கு?

ஏர்வாடிக்கு வருவோம். நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. மருமகனுக்கு ஒரு யோசனை வந்தது. தளத்தில் பி.எச்.பி. ஓடுகிறது. பி.எச்.பி.யில் 'எக்சிக்' என்று ஒரு கட்டளை உண்டு. வழங்கியிடம் எந்த வேலையையும் சொல்லலாம். பத்து வரியில் ஒரு கோப்பு எழுதி ஏற்றினார். உலாவியில் திறந்தார். சில நொடிகளில் மாமாவின் தளம் முழுவதும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு நின்றது. இறக்கிக்கொண்டார்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். ஷெல் இல்லாமலே இவ்வளவு செய்ய முடிகிறதே, இன்னும் என்ன முடியும் என்று பார்த்தார். பக்கத்துக் கணக்குகளின் அடைவுப் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. யார் யாரோ நடத்தும் கடைகள், சங்கங்கள், பள்ளிகள். அவர் எதையும் திறக்கவில்லை. ஆனால் கை நடுங்கியது. அவருக்கு அவர்கள் தெரிகிறார்கள் என்றால், அவர்களுக்கு அவரும் தெரிவார். இத்தனை ஆண்டுகளாக மாமாவின் பக்கங்களை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்திருக்கலாம். நிறுவனத்துக்கு உடனே எழுதினார். அவர்கள் 'எக்சிக்' கட்டளையை முடக்கி வைத்து, நன்றியும் சொன்னார்கள். ஷெல் மட்டும் கடைசிவரை கிடையாது.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. நிரல் ஏற்றி ஓட்டும் உரிமையைக் கொடுத்த நிமிடமே, வாடிக்கையாளரை உள்ளே விட்டாகிவிட்டது. வேர்ட்பிரஸில் ஒரு ஓட்டைச் செருகுநிரல் இருந்தால் போதும், திருடனும் அதே வழியாக உள்ளே வருவான். அவன் யாரிடமும் ஷெல் கேட்டு விண்ணப்பம் போடப் போவதில்லை! முன்வாசலைப் பூட்டுவதால் சிரமப்படுவது ஒழுங்காகக் கேட்பவர் மட்டுமே. அறைகளுக்கு நடுவே சுவர் கட்ட வேண்டுமே தவிர, சாவி தர மறுப்பது சுவர் ஆகாது.

சுவர் கட்டும் வித்தை புதிதும் அல்ல. ஒரு நிரலை ஒரு அடைவுக்குள் அடைத்து வைக்கும் 'சி.எச்.ரூட்' யூனிக்ஸில் 1979-இலேயே வந்தது. அது மட்டுமே போதாது என்றாலும், ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தனித்தனிக் கூண்டில் வைத்து, இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலி நேரம் என்று அளந்து தரும் ஏற்பாடுகள் இன்று பகிர்வு ஹோஸ்டிங்கிலேயே இருக்கின்றன. கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பு, கேட்பவருக்கு மட்டும் திறந்துவிடுவது, உடனுக்குடன் ஓட்டை அடைப்பது. இவற்றைச் செய்கிற நிறுவனம் தாராளமாக ஷெல் தரலாம். செய்யாத நிறுவனம் ஷெல் தராமல் இருப்பதால் மட்டும் பாதுகாப்பாகிவிடாது. "வேண்டுமானால் தனி வழங்கி எடுத்துக்கொள்ளுங்களேன்" என்பார்கள். எடுக்கலாம். ஆனால் அதற்கு வரும் ஒவ்வொரு ஓட்டையையும் தானே அடைக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு அது நடக்கிற காரியமா?

மருமகன் கூண்டோடு ஷெல் தருகிற வேறொரு நிறுவனத்துக்கு மாறினார். மூட்டையை ஏற்றி, அவிழ்த்து, 'ஐகான்வ்' என்ற நிரலால் எல்லாப் பக்கங்களையும் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினார். பழைய எழுத்துருவின் பெயரைப் பக்கங்களிலிருந்து நீக்க இன்னொரு வரி. மொத்த வேலையும் ஒரு மாலைப்பொழுதுதான். இப்போது மாமி கைபேசியில் தினம் ஒரு பக்கம் படிக்கிறார். அங்கங்கே மாமா விட்ட எழுத்துப் பிழைகளையும் சொல்கிறார்.

உங்களுக்கும் ஓர் இணையத்தளம் இருந்தால், நிறுவனத்திடம் ஷெல் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் கூடவே இதையும் கேளுங்கள்: பக்கத்து அறைக்காரர் என் அறைக்குள் எட்டிப் பார்க்க முடியுமா?