உடம்பை அல்ல, படகை மாற்றுவோம்

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் துடுப்புப் படகில் இந்தியாவுக்கு ஒரு வெள்ளி கிடைத்தது. கண்ணிவெடியில் காலை இழந்த ராணுவ வீரர் கொங்கனப்பள்ளி நாராயணாவும், விபத்தில் காலை இழந்த அனிதாவும் சேர்ந்து வென்றது. மறு ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கிலும் இருவரும் துடுப்புப் போட்டார்கள்.

நான் வேலை செய்யும் சேரியில் ஒரு தம்பியிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கதிரடிக்கும் இயந்திரத்தில் வலது கையை முழங்கைக்குக் கீழே பறிகொடுத்தவன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கை இல்லாதவங்களுக்கும் இது இருக்காக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது தோழர்களே. 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டு முதலில் சேர்க்கப்பட்டது. இப்போது மூன்று பிரிவுகள். தோளும் கையும் மட்டும் இயங்குபவர்களுக்கு முதல் பிரிவு. முதுகுச் சாய்வோடு அசையாத இருக்கை, மார்பைச் சுற்றி ஒரு பட்டை, படகு கவிழாமலிருக்க இரண்டு பக்கமும் மிதவைகள். இடுப்புக்கு மேல் உடம்பைச் சாய்த்து இழுக்க முடிந்தவர்கள் இரண்டாம் பிரிவு. அவர்களுக்கும் இருக்கை அசையாது. காலையும் ஓரளவு பயன்படுத்த முடிந்தவர்கள், கைவிரல்களை இழந்தவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மூன்றாம் பிரிவு. இவர்களுக்கு வழக்கமான நகரும் இருக்கை. துடுப்பைப் பிடிக்க முடியாத கைக்கு அதைச் சேர்த்துக் கட்டும் பட்டை உண்டு. கட்டும் பட்டை எதுவானாலும் ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும். படகு கவிழ்ந்தால் உயிர் அதில்தான் இருக்கிறது.

இருக்கை, சாய்மானம், பட்டை, மிதவை. நம் ஊர் வெல்டிங் பட்டறைக்கும் தையல் கடைக்கும் புரியாத பொருள் இதில் ஒன்றுமில்லை. உடம்பு குறையுள்ளது என்று யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை, படகைத்தான் மாற்றினார்கள். சமூகவியல் வகுப்பில் 'ஊனத்தின் சமூக மாதிரி' என்று பக்கம் பக்கமாகப் படித்தது இதைத்தான்.

ஆனால் படகு மாறினால் மட்டும் போதுமா? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரில் மட்டும் 2.45. இயந்திரத்தின் வாயில் கதிர் கொடுப்பது யார், செங்கல் சூளையில் நிற்பது யார் என்று டெல்டாவில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கையை இழப்பவர் பெரும்பாலும் கூலியாள். நிலம் வேறொருவருடையது.

தண்ணீரும் அப்படித்தான். ஜூனில் மேட்டூர் திறந்தால் கல்லணை தாண்டி வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று எங்கும் தண்ணீர். ஆனால் எங்கள் தாத்தா ஊர்க் குளத்துப் படித்துறையில் கால் வைத்ததில்லை. 1927இல் மகாடு குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்கே மக்கள் அடிபட்டார்கள். இன்றும் எங்கள் தெருவிலிருந்து குளத்துக்குப் போவது வரப்பு வழிதான். சக்கர நாற்காலி அதில் போகாது. அந்தத் தம்பிக்கு இரண்டு பூட்டுகள். ஒன்று இல்லாத கை, மற்றொன்று பிறந்த தெரு. மாற்றுத்திறனாளிகள் இயக்கம் முதலாவதைப் பேசுகிறது, நாம் இரண்டாவதைப் பேசுகிறோம். இரண்டையும் சேர்த்துப் பேசுபவர்கள் குறைவு.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, விளையாட்டு வசதிகளை இவர்களுக்கேற்ப மாற்றி அமைப்பதை அரசின் கடமை என்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குப் போங்கள். குளத்துக்குச் சாய்தளப் பாதை, உயிர்காப்பு அங்கி, நீச்சல் சொல்லித்தர ஓர் ஆள், மிதவை கட்டிய ஒரு படகு. இவற்றைத் தீர்மானமாக எழுதக் கேளுங்கள். ஓடும் வாய்க்காலில் வேண்டாம், தேங்கிய குளத்தில் தொடங்கலாம்.

பதக்கம் பிறகு வரட்டும். முதலில் எல்லோருக்கும் பொதுவான அந்தக் குளத்தில், எங்கள் தெருப் பிள்ளை துடுப்போடு இறங்கட்டும்.