வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை

நெடுந்தீவில் பள்ளிக்கூடக் கிழமை மணியடித்ததும் தொடங்கிவிடாது. ஆசிரியர்களை ஏற்றிய படகு வர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைவரை பேருந்து. அங்கிருந்து குமுதினி என்ற படகிலோ வடதாரகை என்ற படகிலோ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். மாவிலித்துறையில் இறங்கிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் திங்கட்கிழமையின் முதல் பாடவேளைகள் போய்விடும். வெள்ளிக்கிழமை இதே கதை மறுவளமாக நடக்கும். படகைத் தவறவிட்டால் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்க முடியாது என்று ஆசிரியர்கள் நேரத்தோடு புறப்படுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடல் அப்படிப்பட்டது. அந்தக் கடலில் அலையைவிடக் கொடியதும் நடந்ததுண்டு. 1985 மே 15 அன்று குமுதினியில் போன பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படகிலேயே சனம் அதற்குப் பிறகும் ஏறி இறங்கியது. வேறு வழி எது?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியனாக, சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிறேன் என்று கேட்டுப் போனவன் நான். தியாகம் அது இது என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. மாதாமாதம் ஓய்வூதியம் வங்கிக்கு வருகிறது. பிள்ளைகள் தங்கள் பாட்டைப் பார்க்கிறார்கள். கேட்டு வாங்கிக்கொண்டது திங்கள் முதல் பாடவேளையும் வெள்ளி கடைசிப் பாடவேளையும்தான். தீவிலேயே தங்கியிருப்பவனுக்கு அந்த நேரங்கள் சுலபம். என்னைவிடக் கெட்டிக்காரர்கள் வாரநடுவில் படிப்பித்தார்கள். நான் செய்த உபகாரம், வெறுமையாகக் கிடந்த அந்த இரண்டு நேரத்திலும் கரும்பலகைக்கு முன்னால் ஓர் ஆள் நின்றதுதான். உப்புக்காற்றில் ஈரம் ஊறிய வெண்கட்டி சரியாக எழுதாது. அதோடு மல்லுக்கட்டப் பழகிக்கொள்ள வேண்டும்.

பத்தாம் தரத்தில் ஒரு பையன். சமன்பாடு என்றால் கண்ணை ஜன்னலுக்கு வெளியே அனுப்பிவிடுவான். வெளியே தெரிவது வேலிதான். அந்தத் தீவின் வேலிகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: முருகைக்கற்களைச் சாந்து எதுவும் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. பசுத்தீவு என்று பழைய பெயர் பெற்ற ஊர். மாடுகளுக்கும், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் மட்டக்குதிரைகளுக்கும் எதிராகத் தோட்டத்தைக் காப்பது இந்தக் கல்வேலிதான். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பையே வெளியே கூட்டிப்போய், இடிந்து கிடந்த ஒரு பகுதியைக் காட்டினேன். “இதைக் கட்ட எவ்வளவு கல்லு வேணும்?” என்றேன். மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க அவன் குனிந்து அடியையும் மேலையும் சாண் போட்டு அளந்தான்.

“அடி அகலமா வைக்காட்டி மாடு உரசவே விழுந்திடும், சேர்.”

தகப்பனோடு வேலி அடுக்கிப் பழகிய கை. அடி அகலம், மேல் ஒடுக்கம்: முன்னால் நின்றது சரிவகம். சரிவகத்தின் பரப்பை நீளத்தால் பெருக்கினால் அரியத்தின் கனவளவு. பாடப்புத்தகத்தில் சலித்துக் கிடந்த அந்தச் சூத்திரத்தை அன்றைக்கு அவனே மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கினான். சமன்பாடு அவனுக்கு அதற்குப் பிறகும் கசப்பாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்தத் தீவில் யாரைப் பற்றியாவது எழுத வேண்டுமென்றால் தொண்டர் ஆசிரியைகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஊர்ப் பிள்ளைகள். உயர்தரம் படித்துவிட்டு, ஆள் இல்லாத வகுப்புகளுக்கு வந்து நின்றவர்கள். வடக்கில் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் எத்தனையோ பள்ளிக்கூடங்களைத் தாங்கிப் பிடித்தது இப்படிப்பட்டவர்கள்தான். ஆரம்ப வகுப்புக்குப் படிப்பிக்க வரும் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டேன்.

“பிள்ளை, காசு ஏதும் தருகினமோ?”

“பழைய மாணவர் சங்கம் சிலவேளை கொஞ்சம் தரும், சேர். அடுத்த வருசம் நிரந்தரமாக்குவினம் எண்டு சொல்லுகினம்.”

அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த ‘அடுத்த வருசம்’ நகர்ந்துகொண்டே இருந்தது. நியமனத்துக்கு வயதெல்லை உண்டு. அதுவும் அவளை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த எனக்குச் சனம் ஒடியற்கூழ் காய்ச்சித் தந்து கொண்டாடியது. மழையில் நனைந்துகொண்டு சைக்கிளில் வரும் அவளை ஒருவரும் கொண்டாடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைதானே! வெளிநாட்டிலிருந்து வரும் தீவுக்காரர்கள் கட்டடத்துக்குப் பணம் தருகிறார்கள். பெயர்ப்பலகை வைக்க இடம் இருக்கிறது. இந்தப் பெண்களுக்கு மாதக் கொடுப்பனவாக ஒரு தொகையை ஒழுங்காகத் தர யாரும் முன்வந்தால் அந்தக் கட்டடங்களுக்குள் பாடம் நடக்கும்.

ஓய்வுபெற்ற சிலர் தாங்களும் வரட்டோ என்று கேட்கிறார்கள். தாராளமாக வாருங்கள். ஒரு கிழமை வந்து குதிரையும் பெருக்கமரமும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வகுப்புக்கு வேண்டாம். ஒரு தவணை முழுக்கத் தங்குங்கள். இரண்டாம் தவணை நல்லது. சோளகக் காற்றில் கடல் கொந்தளித்துப் படகு நிற்கிற நாட்களில்தான் வகுப்புகள் அதிகம் வெறுமையாகக் கிடக்கும். பிரஷர், சீனி வருத்தக்காரர்கள் மருந்தைக் கணக்குக்கு மேல் கொண்டுவாருங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். வந்து இறங்கியதும் அதிபரிடம் போவதற்கு முன், எந்தப் பாடவேளை சும்மா கிடக்கிறது என்று அந்தத் தொண்டர் ஆசிரியைகளிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும்.