டிக்கியில் தேங்கும் ஜலம்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், கார் வைத்திருப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம், டிக்கியின் கம்பளத்திற்கு அடியில் ஸ்டெப்னி சக்கரம் கிடக்கும் குழியாகும். எங்கள் வண்டியில் அங்கே ஜலம் தேங்கி, ஜாக்கியின் திருகு துருவேறியிருந்ததைக் கண்ட பிறகு, இவ்விஷயத்தில் அறிந்துகொண்டதை நண்பர்களுக்குச் சொல்வது கடமை என்று தோன்றுகிறது.

ஜலம் தேங்கிய இடமும் அது புகுந்த இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரையோரத் தகட்டு இணைப்பிலோ, பின்விளக்கின் கேஸ்கெட்டிலோ, டிக்கி வாயைச் சுற்றிய ரப்பர் பீடிங்கிலோ, பம்பருக்குப் பின்னே மறைந்திருக்கும் காற்றுப்போக்கியிலோ நுழைந்து, தகட்டின் உட்புறமாகவே ஊர்ந்து பள்ளத்தை அடைகிறது. ஆகையால் கம்பளத்தை எடுத்து, உட்புறத்தைத் துடைத்து உலர்த்தி, சந்தேகமுள்ள இடங்களில் முகப்பவுடரைத் தூவி, பின்சீட்டை மடக்கி ஒருவர் டார்ச்சுடன் உள்ளிருந்து நோக்க, மற்றொருவர் குழாய் நீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிஷம் நிறுத்தி நிதானமாக விடுவதே உத்தமமான முறை. எங்களுக்கு இடது பின்விளக்கின் கீழ் மூலையில், பவுடரின் மேல் மெல்லிய ஈரக்கோடொன்று இறங்கிக் கசிவின் மூலத்தைக் காட்டிக்கொடுத்தது.

விளக்கைக் கழற்றி, நைந்த கேஸ்கெட்டை மாற்றி, மறுபடியும் நீர்விட்டுப் பரீட்சித்தோம். சிலிகான் பூச நேர்ந்தால், வினிகர் வாடை வீசும் வகை தகட்டை அரிக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நலம். குழியின் ரப்பர் அடைப்பானைப் பிடுங்கி ஜலத்தை வடியவிடுவது அன்றைக்கு உபகாரமே தவிர, பரிகாரம் ஆகாது. மூலத்தைத் தேடி அடைக்கச் செலவிடும் ஒரு பிற்பகல், தகடு அரித்தபின் வரும் வெல்டிங் செலவிலிருந்து வண்டியைக் காக்கும்.