குளிர்கால முகவரி

நவம்பர் வந்தால் மிச்சிகனில் ஓய்வுபெற்றவர்கள் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் மேற்குக் கரையில்தான் அதிகம். ஐ-75 நெடுஞ்சாலை இங்கிருந்து நேரே ஃபோர்ட் மையர்ஸ், நேப்பிள்ஸ் பக்கம் கொண்டுபோய் விடுகிறதே. நியூயார்க்காரர்களுக்கு ஐ-95, அட்லாண்டிக் கரை.

*

வீட்டுக்கு வரும் தபாலை நிறுத்திவைக்கச் சொல்லலாம்; 3 முதல் 30 நாள்வரைதான். ஏப்ரலில் திரும்புகிறவர்களுக்கு அது காணாது. தற்காலிக முகவரி மாற்றம் கேட்டால் குறைந்தது 15 நாள், நீட்டித்தால் ஒரு வருஷம்வரை. கடிதங்கள் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு பின்னாலேயே வரும். விளம்பரத்தாள்கள் பெரும்பாலும் வராது. நிம்மதி! அதுவும் வேண்டும் என்பவர்கள் பணம் கட்டினால், வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள்.

*

சிக்கல் வேறிடத்தில். உறையில் 'ரிட்டர்ன் சர்வீஸ் ரிக்வெஸ்டட்' என்று அச்சிட்டிருந்தால், முகவரி மாற்றம் கேட்டிருந்தாலும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். புது கிரெடிட் கார்டு பலசமயம் இப்படித்தான் வரும். வாக்குச்சீட்டும் இடம் மாறி வராது. ஊர் கிளார்க்கிடம் குளிர்கால முகவரியைத் தனியே எழுதிக் கொடுக்கவேண்டும். 2024இல் மிச்சிகனின் அதிபர் பிரைமரி பிப்ரவரி 27. பாதிப் பேர் கடற்கரையில் இருக்கும் நேரம்.

*

முக்கியமான காகிதமெல்லாம் ஆள் இல்லாத மாதங்களில்தான் வருகிறது. ஜனவரி முடிவுக்குள் வருமானவரிப் படிவங்கள். அதற்கு முன்பே டிசம்பர் 1 வாக்கில் வீட்டுவரி, பெயரே 'விண்டர் டாக்ஸ்'. கட்டக் கடைசி நாள் பிப்ரவரி 14. காதலர் தினத்தை யார் பார்த்து வைத்தார்களோ. பில் கைக்கு வரவில்லை என்றால் யாரும் தள்ளுபடி செய்வதில்லை. ஆகவே தபால் நிலையத்தில் சொன்னால் மட்டும் போதாது. வங்கி, டவுன்ஷிப், இன்ஷூரன்ஸ் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லவேண்டும்.

*

தபால் துறையின் 'இன்ஃபார்ம்ட் டெலிவரி' என்று ஒன்று, 2017இல் நாடு முழுக்க வந்தது. அன்றன்று வரவிருக்கும் உறைகளின் முகத்தைக் காலையில் மின்னஞ்சலில் காட்டும். உள்ளே இருப்பதைக் காட்டாது. பார்த்துவிட்டுத் தவிக்கலாம்.

*

நம்மவர்களில் சிலர் தெற்கே போவதில்லை. மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போய், பொங்கல், யார் வீட்டுக் கல்யாணமோ எல்லாம் முடித்து மார்ச்சில்தான் வருவார்கள். இவர்களுக்கு முகவரி மாற்றமெல்லாம் கிடையாது. மெயில்பாக்ஸ் சாவி தெரிந்த பையன் கையில்.

"மாமா, டவுன்ஷிப்ல இருந்து ஒண்ணு வந்திருக்கு. பிரிக்கட்டுமா?"

"பிரிடா. எவ்வளவுன்னு மட்டும் வாட்ஸ்அப்ல போடு. இங்க தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சாச்சு."