ராஜா கதையும் மிக்சரும்

மிக்சர் தட்டை மடியில் ஏந்தி, ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்தை மறுபடி பார்த்தேன்.

கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் மாண்டபோது கண்ணீர் பெருகிற்று. கை மட்டும் நிலக்கடலையைத் தேடிற்று!

படத்தில் அவனைக் கொல்லச் சதி செய்து காட்டில் ஒளிந்து திரியும் ரவிதாசன், நம் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டிலோ, ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’ என்ற பட்டம் தரித்த பெரிய மனுஷனாக நின்று, துரோகி எனப் பெயர் வாங்கி, உறவினர் நிலங்களும் பறிபோகக் காரணமாகிறான். அந்தப் பட்டத்தைப் பார்த்தால், ராஜசேவகத்தில் இருந்தவர்களே செய்த துரோகம் என்று ஊகிக்கத்தான் தோன்றுகிறது.

இந்த ராஜா கதையில் சிம்மாசனத்துக்காகத் தியாகம் உண்டு. பொக்கிஷ அதிகாரியின் சதியும் உண்டு.

1867-இல் வள்ளலார் வடலூரில் தர்மசாலை அடுப்பை மூட்டி ஏழைகளுக்குச் சோறு போடக் காரணமான அந்தப் பசிக்கு மட்டும் ஏனய்யா ஒரு வேஷமும் கொடுக்கமாட்டேங்கிறாங்க?