அக்காள் சூடிய பூ

"மார்கழி மாதத்திலா? கடல் கடந்தா? அதுவும், அவளையுமா அழைத்துக்கொண்டு?"

எங்கள் தாய்மாமன் அடுக்கிய கேள்விகள் இவை மூன்று. முதற் கேள்விக்குப் பஞ்சாங்கம் துணை. இரண்டாவதற்குச் சாத்திரம் துணை. மூன்றாவதற்கோ, ஊரே துணை!

மார்கழி பீடை மாதமாம். நல்ல செயல் எதையும் அதில் தொடங்கலாகாதாம். ஆனால் எங்கள் பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை மார்கழியில்தானே வருகிறது! 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கிடைத்த அந்தச் சில நாட்களை மலேசியாவில் கழிப்பது என்று முடிவு செய்திருந்தோம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலேயே முப்பது நாள் தங்கலாம் என்று அந்நாட்டரசு அறிவித்திருந்தது. அரசு திறந்துவிட்ட கதவைப் பஞ்சாங்கம் மூடிவிடுமா?

கடல் கடந்தால் தோஷமென்றார் மாமா. அவருடைய மகன் வேலை பார்ப்பது துபாயில். அவன் கடலுக்கப்பால் நின்று அனுப்பும் பணத்துக்கு இதுவரை எந்தத் தோஷமும் ஒட்டியதில்லை. அதை நான் சொன்னேன். மாமா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னடே, வாத்தியார் வேலைக்குப் போய்ட்டா வழமுறை மறந்து போகுமோ? உன் இஷ்டத்துக்கு நீ போ. அவ எதுக்கு?"

'அவ' என்று பெயர் சொல்லாமல் அவர் குறிப்பிட்டது என் அக்காளை. வயது இருபத்தொன்பது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாலை விபத்தொன்று அத்தானைக் கொண்டுபோயிற்று. அன்று முதல் எங்கள் வீட்டில் அக்காளுக்குப் பெயர் இல்லை. 'அவள்' என்பதே பெயராகிவிட்டது.

அக்காள் தையற்கலை கற்றவள். எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் மணப்பெண் இரவிக்கை என்றால் அவளிடந்தான் வருவார்கள். கையிலே சரிகை வேலை, முதுகிலே கண்ணாடி வேலை – இரவெல்லாம் விழித்திருந்து தைப்பாள். மணநாளன்று அவள் தைத்த இரவிக்கை மணமேடையில் ஏறும். தைத்தவளோ பந்தலின் கடைசித் தூணுக்கு அருகில் நிற்பாள். விரல்கள் மங்கலம், விரலுக்குரியவள் அமங்கலம்! இந்தக் கணக்கை எந்தக் கல்லூரியிலும் எனக்குக் கற்றுத் தரவில்லை. ஊர் கற்றுத் தந்தது.

பயணச் செலவுக்கு அவள் என்னிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. தன் தையற்கூலியில் சேர்த்ததை எடுத்து வைத்து, "என் பங்கு" என்றாள். அவ்வளவுதான். நாங்கள் ஐவர் புறப்பட்டோம் – அக்காள், நான், விசைத்தறிக்காரர் மகனான என் கல்லூரித் தோழன், என் பள்ளியிலேயே கணக்கு ஆசிரியனாக இருக்கும் நண்பன், அவனுடைய துணைவி.

பினாங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பூட்டனார், அதாவது பாட்டனாரின் தந்தை, கங்காணி ஒருவரின் சொல்லை நம்பி இரப்பர் தோட்ட வேலைக்காகப் பினாங்குக்குக் கப்பலேறியவர். திறன் பெறாத தொழிலாளரை இங்கிருந்து உதவித்தொகை கொடுத்து மலேயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே அவர் போய்விட்டார். கடிதம் வந்தது, பணமும் வந்தது. பின்னர்ப் போர் வந்தது. கடிதம் நின்றது.

1942, 43-ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை போடுவதற்காக, சப்பானியப் படை மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோயிற்று. காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் இரையாகி அங்கேயே மாண்டவர் எத்தனையோ பேர். பூட்டனார் அவர்களில் ஒருவரா? எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. ஆனால், பன்னிரண்டு ஆண்டுகள் செய்தி வராதவனை இறந்தவனாகக் கொள்ளவேண்டும் என்று புரோகிதர் சொன்னார். நாள் குறித்தார்கள். பூட்டியைக் குளக்கரைக்கு அழைத்துப்போய்த் தாலியை அகற்றினார்கள். கணவன் இறந்த நாளை எவரும் அறியார். அவள் கைம்பெண் ஆன நாளை மட்டும் சாத்திரம் துல்லியமாக அறிந்திருந்தது!

இந்தக் கதையைச் சிறுவயதில் பாட்டனார் சொல்லக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. இளைஞனானபின் கூட்டங்களில் இதையே எடுத்துச் சொன்னேன். கைதட்டல் வந்தது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு வானூர்தியில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பூட்டனார் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து நீராவிக் கப்பலில் நாள் கணக்கில் போகவேண்டும். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா' என்னும் கப்பல் அந்த வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தமிழன் தோளை விற்கச் சென்றதும் அந்த வழிதான், தமிழனுக்குத் தன்மானம் சொல்லத் தந்தை பெரியார் சென்றதும் அந்த வழிதான்.

ஆம், அவருடைய பயணமும் மார்கழிப் பயணமே! 1929 டிசம்பரில் அன்னை நாகம்மையாருடனும் தோழர்களுடனும் நாகையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார் பெரியார். ஈப்போவில் நடந்த தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பேசினார். அதே 1929-ஆம் ஆண்டின் பிப்ரவரியில்தான் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடிப் பெண்ணுக்குச் சொத்துரிமையும் கைம்பெண்ணுக்கு மறுமண உரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தது. அதற்கும் இருபது ஆண்டுகள் முன்னரே, 1909-இல், தம் தங்கையின் மகளான இளங்கைம்பெண்ணுக்குச் சுற்றத்தாரின் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தவர் அவர். மேடையில் பேசியது பிறகு, வீட்டில் செய்தது முதலில். இந்த வரிசையைத் தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் நான் தவறியது இந்த வரிசையில்தான்.

கோலாலம்பூரை அடுத்த பத்துமலையைக் கண்டோம். 272 படிகள், 2006-இல் நிறுவப்பட்ட 140 அடி முருகன் சிலை. தோளில் மூட்டையோடு கப்பலேறிய தமிழன் தலையில் எதைச் சுமந்து சென்றான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? சுண்ணாம்புப் பாறையை இயற்கை குடைந்த விந்தையைப் பார்த்து என் கணக்காசிரிய நண்பன் வியந்தான். விசைத்தறித் தோழன் படிகளை எண்ணினான். அக்காள் மட்டும், படியேறும் பெண்களின் கூந்தலைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. பின்னர்த்தான் விளங்கிற்று.

தொடர்வண்டியில் பட்டர்வொர்த் வரை சென்று, அங்கிருந்து படகில் பினாங்குத் தீவை அடைந்தோம். 1786-இல் ஆங்கிலேயர் கொடி நாட்டிய தீவு அது. அதன் தலைநகராகிய சார்ச்சு டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சீனர் கோயிலும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தொலைவில் அமைந்த ஊர். படகுத்துறையில் இறங்கியதும் அக்காள் சற்றே நின்றாள். "பூட்டனார் இங்கேதான் இறங்கியிருப்பாரோ?" என்றாள். இருக்கலாம் என்றேன். அவர் பெயரைத் தேட எங்களிடம் ஏடும் இல்லை, எண்ணும் இல்லை. கடலைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றோம். தேடி வந்தவர்க்கு அந்தத் தீவு தந்தது அவ்வளவே – ஆனால், தேடாத ஒன்றையும் தந்தது.

மாலையில் தமிழர் கடைத்தெருவுக்குச் சென்றோம். அங்கே ஒரு பூக்கடை. கடைக்கார அம்மைக்கு எழுபது வயதிருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், அதிலும் பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரர்கள் என்று அறிந்ததும் அவருக்குப் பெருமகிழ்ச்சி. "காசு வேணாம்" என்று சொல்லி, நண்பனின் துணைவிக்கு ஒரு சரம், அக்காளுக்கு ஒரு சரம் அறுத்து நீட்டினார்.

அக்காளின் கை நீண்டது. பாதியில் நின்றது. சுடுபொருளைத் தொட்டதுபோல் மடங்கியது.

"எனக்கு வேண்டாம் அம்மா."

"ஏன்மா, பூ ஒத்துக்காதா? தும்மல் வருமா?"

தோழர்களே! அந்தக் கேள்வியைக் கேட்டு நாங்கள் திகைத்து நின்றோம். ஒரு பெண் பூவை மறுத்தால் உடம்புக்கு ஆகாதோ என்று ஐயுறும் ஓர் உள்ளம்! எங்கள் ஊரிலே, மறுக்கும் முன்பே, அவள் நெற்றியைப் பார்த்து, கழுத்தைப் பார்த்து, நீட்டிய பூவைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் கைகளைத்தானே கண்டிருக்கிறோம்?

"என் வீட்டுக்காரர் இல்லை அம்மா" என்றாள் அக்காள், தரையைப் பார்த்து.

அந்த முதியவர் தம் வெண்கொண்டையைத் திருப்பிக் காட்டினார். அதில் நான்கு விரற்கடை மல்லிகை.

"எனக்குந்தான் இல்ல. இருபது வருசமாச்சு. பூ விக்கிறவ பூ வைக்காம உக்காந்தா எவ வாங்குவா? சொல்றவங்க இங்கயும் சொல்லத்தான் செய்யறாங்க. எங்க வீட்டு விசேசத்துலயே சொன்னாங்க. நான் கேக்கல. நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப எங்க அம்மா வச்சுவிட்ட பூ இது. அந்த மனுசன் வந்தப்பறமா வந்துச்சு?"

கல்லூரியில் மூன்றாண்டு பயின்றும், ஏடுகள் பல புரட்டியும், மேடையேறி மணிக்கணக்கில் முழங்கியும் நான் எட்டாத எளிய வாதம்! பிறந்த நாள் முதல் தலையில் இருந்த பூவைக் கணவன் கொணர்ந்த பொருள்போல் அவனோடு எடுத்துக்கொள்ள இவர்கள் யார்? அந்த முதியவர் தம் கையாலேயே சரத்தை அக்காளின் பின்னலில் செருகினார். அக்காள் அழவில்லை. தலையை ஒருமுறை பின்னுக்கு அசைத்தாள், பூவின் எடையை அறிவதுபோல.

பிறகு அங்கிருந்த நாட்களிலெல்லாம் அவள் தானே பூ வாங்கினாள். பினாங்குக் குன்றின்மேல் குளிர்காற்றில் நின்று, பத்தொன்பது வயதில் சிரித்த சிரிப்பை மீண்டும் சிரித்தாள். பெண்ணுரிமை வென்றது என்று நான் மகிழ்ந்தேன். அங்கே பூச்சூடுவதில் வெற்றி என்ன இருக்கிறது? அங்கே எங்களை எவருக்குந் தெரியாதே! சோதனை சங்கரன்கோவிலில் அல்லவா காத்திருந்தது?

திருச்சியில் இறங்கியதும் பேருந்து நிலையத்தில் அக்காள் ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறியிருந்தது. பேரம் பேசாமல் வாங்கிச் சூடிக்கொண்டாள். வண்டி தெற்கு நோக்கி ஓடியது. மதுரை கடந்தது, இராசபாளையம் கடந்தது. ஊர் நெருங்க நெருங்க என் நெஞ்சு படபடத்தது. பேருந்து நிலையத்தில் மாமா நிற்பாரோ? தேநீர்க் கடையில் என் மாணவர்களின் பெற்றோர் இருப்பார்களோ? மறுநாள் பள்ளியில் என்ன பேசுவார்கள்?

இறங்கும் நேரத்தில் என் வாய் சொல்லிற்று – ஆம், என் வாய்தான்! – "அக்கா, வீடு போய்ச் சேரும் வரை அதை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளேன்."

அக்காள் என்னைப் பார்த்தாள். சினம் இல்லை அந்தப் பார்வையில். வியப்பு இருந்தது.

"பூட்டி கதையை மேடையில் நீதானே தம்பி சொன்னாய்? நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேனே!"

நான் தலைகுனிந்தேன். மாமாவுக்கும் எனக்கும் வேறுபாடு என்ன? அவர் வீட்டு வாயிலில் தடுத்தார், நான் பேருந்து வாயிலில் தடுத்தேன். அவரிடம் பஞ்சாங்கமாவது இருந்தது. என்னிடம் அச்சம் மட்டுமே இருந்தது!

அக்காள் பூவோடு இறங்கினாள். தேரடி வழியாக, விளக்கு வெளிச்சத்தில், முன்னால் நடந்தாள். பெட்டியைச் சுமந்துகொண்டு நான் பின்னால் நடந்தேன். பார்த்தவர் பார்த்தனர். வானம் இடியவில்லை.

ஆனால் வலிக்காமல் முடிந்ததென்று எழுதினால் அது பொய்யாகும். அம்மா நான்கு நாட்கள் அக்காளிடம் பேசவில்லை. மாமா பொங்கலுக்கு வரவில்லை. தைத்திங்கள் திருமணத்துக்காக இரவிக்கை கொடுத்திருந்த இரண்டு வீட்டார் துணியைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். ஒரு மாதக் கூலி போயிற்று. அக்காள் அதை ஏட்டில் குறித்துக்கொண்டாள், பூவை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, தெருவில் பூக்காரி வந்தபோது, அம்மா வாயிலில் நின்று, "ஒரு முழம் அவளுக்கும் குடு" என்றாள். இன்னும் 'அவள்'தான். பெயர் திரும்பவில்லை. திரும்பும்.

இளைய தோழர்களே! சட்டம் நம் பக்கம் வந்து நெடுங்காலம் ஆயிற்று. கைம்பெண் மறுமணத்துக்கு 1856-இலேயே சட்டம் வந்தது. இன்று தமிழ்நாடு அரசு, டாக்டர் தருமாம்பாள் அம்மையார் பெயரால், மறுமணத்துக்கு நிதியுதவியே அளிக்கிறது. ஆனால் பந்தலின் கடைசித் தூணருகே நிற்பவளை முன்வரிசைக்கு அழைத்துவரும் சட்டத்தை எந்த மன்றமும் இயற்ற முடியாது. அதைத் தம்பியும் தாயும் தோழனுமே இயற்றவேண்டும். அடுத்த கூட்டத்தில் பேசுமுன் உங்கள் வீட்டுக்குள் ஒருமுறை பாருங்கள். அங்கே பெயரிழந்து 'அவள்' என நிற்பவர் உண்டா? அவளோடு ஊர்த்தெருவில் நடக்க உங்களுக்குத் துணிவு உண்டா?

எனக்கு இருக்கவில்லை. அக்காளிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். வருகிற திருமணத்தில் முன்வரிசையில் இரண்டு நாற்காலி பிடிப்பது என் வேலை. ஒன்று அவளுக்கு, மற்றொன்று எனக்கு.